கேரியர் வேண்டாம் என்று சொன்னேன்

என் ராசாவுக்கு,

உயிரோடு இருந்தவரை உங்களை ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் திரும்பி ஏதும் சொல்ல மாட்டீர்கள் என்பதால் கூப்பிடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுத்தது அதைவிட அதிகம். இதை நாலு பேர் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு சைக்கிள் வாங்கினேன். புதுசு. எனக்குத்தான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. உங்கள் மகன் செந்தில் அப்போது கைக்குழந்தை. நீங்கள் பச்சைக் கட்டம் போட்ட கைலியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சட்னியில் உப்பு குறைவு. நான் சைக்கிள் பழகட்டுமா என்று கேட்டேன். "இவளுக்கு நேரா நடக்கவே தெரியல, இதுல சைக்கிளு கேக்குதாம்" என்று உங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். அத்தையும் சிரித்தார். அதற்குப் பிறகு உங்கள் தட்டுக்கு இரண்டாம் தடவை சட்னி வந்ததா? வரவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் போகும்வரை உங்கள் சைக்கிள் கேரியரில்தான் போனேன். ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போனதில் எனக்கு இடதுபக்க மதுரை மட்டும்தான் தெரியும். வலதுபக்கம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தறியில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவீர்களே, அந்த நேரத்தில் உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஆற்றங்கரைத் தெருவில் நானாகவே பழகினேன். குறுக்குப் பாருக்கு அடியில் காலை விட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஓட்டினேன். ஒருநாள் மட்கார்டு நசுங்கியிருந்தது. மாடு இடித்திருக்கும் என்றீர்கள். நானும் மாடுதான் என்றேன்.

இந்தப் புதுச் சைக்கிளைத் தல்லாகுளம் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க பாட்டி, பேரனுக்கா? என்ன வயசு?" என்றார்.

"அறுபத்தாறு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இருபத்தோரு கியர் உள்ள ஒன்றைக் காட்டினார். "ஒத்த வீட்டுக்காரரோடயே மல்லுக்கட்ட முடியல தம்பி, இருபத்தொண்ண வச்சு என்ன செய்ய?" என்றேன். வாலிபப் பையன்களுக்கு உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டு, உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் படும் ஒன்றை எடுத்தேன். குறுக்கே பார் இல்லை. செயினுக்கு முழு மூடி, சேலை மாட்டாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு வலை. ஊதா நிறம்.

"கேரியர் இலவசமாப் போட்டுத் தாரேன் பாட்டி."

"வேண்டாம். நான் யாரையும் ஏத்தப் போறதும் இல்ல, யாருக்குப் பின்னாடியும் ஏறப் போறதும் இல்ல."

வீட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஹேண்டில்பாரில் மல்லிகைப்பூ மாலை போட்டேன். கடையில் வாழைநாரில் கட்டித் தருவது காற்றுக்கு அறுந்துவிடும் என்று, நம் செல்லூர்த் தறியில் ஓடுகிற பாவு நூலை நாலு இழையாகத் திரித்து நானே கட்டினேன்.

தனியாகச் சந்துக்குள் எம்புட்டு நேரம் சுற்றுவது? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்களைத் தேடினேன். முதலில் பார்த்தவர்கள் இறுக்கமான உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர்கள். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "பாட்டி, நாங்க நூறு கிலோமீட்டர் போவோம், நீங்க ஓரமாப் பாத்துப் போங்க" என்றான் ஒருத்தன். அவன் முகத்தை நான் மறக்க மாட்டேன். அடுத்த கூட்டம் ஓட்டியதைவிடப் போட்டோ எடுத்ததுதான் அதிகம். மூன்றாவது கூட்டத்தை ஒரு டீக்கடை வாசலில் பிடித்தேன். அதில் ஜெயா என்று ஒரு நர்சு. "எங்கள்ல ஒருத்தர் எப்பவும் கடைசியாத்தான் வருவோம், வால்னு சொல்லுவோம். யாரு பின்தங்குனாலும் வால் அவங்களத் தாண்டாது. நீங்க வாங்கம்மா" என்றாள். அம்மா என்றாள், பாட்டி என்று சொல்லவில்லை. சேர்ந்துகொண்டேன்.

உங்கள் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. குரலும் உங்கள் குரல்தான். "ஒரே ஒரு தடவை போ. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வாரேன். பாதியில முடியலன்னு என் வண்டியில ஏறிட்டீன்னா, சைக்கிளு பாப்பாவுக்கு" என்றான். பாப்பா அவன் மகள். சரி என்றேன். தான்தான் ஜெயிப்போம் என்று நினைத்து அவன் சொன்னான்.

அலங்காநல்லூர் ரோட்டில் பாதி வழியில் ஒரு டீக்கடை. அதுவரை போய்த் திரும்ப வேண்டும். முதலில் நன்றாகத்தான் போனது. காலை நேரம், ரோட்டில் பஸ் குறைவு. ஊரைத் தாண்டியதும் மிதிக்க மிதிக்கக் கனத்தது. முன்னால் போனவர்கள் புள்ளியாகிவிட்டார்கள். பின்னால் ஜெயா, அவளுக்குப் பின்னால் உங்கள் மகன். மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, இருந்தும் தொடை நடுங்கியது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவன் சொன்னது சரிதான், வயது இதுதான், இவ்வளவுதான் நான் என்று தோன்றியது. நாலு கிலோமீட்டர் தூரம் அதை நம்பிக்கொண்டே மிதித்தேன்.

கடைசியில் இறங்கி உருட்டினேன். ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தது.

"அம்மா, போதும். ஏறு."

"ஏற மாட்டேன்."

"அதான் எறங்கிட்டேல்ல?"

"எறங்குனா தோத்தேன்னு நீ சொல்லல. உன் வண்டியில ஏறுனாத்தான்னு சொன்ன. நல்லா ஞாபகம் இருக்கு, பல்லு விளக்கிக்கிட்டே சொன்ன."

"அய்யோ, இந்தம்மாவோட..." என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஜெயா என் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். சுற்றவில்லை. பாதியில் நின்றது. குனிந்து பார்த்தாள். ஹேண்டில்பாரில் போட்ட மாலை ஆடி ஆடிக் கீழே இறங்கி, பூவெல்லாம் உதிர்ந்து, நூல் மட்டும் அச்சைச் சுற்றி இறுகிப் போய், பிரேக் கட்டையையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது.

"அம்மா, நீங்க பிரேக்கப் புடிச்சிக்கிட்டே இம்புட்டுத் தூரம் மிதிச்சிருக்கீங்க! நாங்களா இருந்தா முதல் கிலோமீட்டர்லயே படுத்திருப்போம்." அவள் கையால் இழுத்துப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். "என்னம்மா நூலு இது, அறவே மாட்டேங்குது?"

"செல்லூரு நூலு" என்றேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ரோட்டோரம் இளநீர் விற்றவரிடம் போய் அரிவாளை வாங்கி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மகன்தான். மண்ணில் உட்கார்ந்து இழை இழையாக அறுத்தான். வேஷ்டியெல்லாம் கிரீஸ். அறுத்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் நான் போனதை எப்படிச் சொல்ல? மிதிக்காமலே போனது போல இருந்தது. டீக்கடையில் எல்லோரும் டீ குடித்து முடித்துவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை. "சீனி கம்மியாவா, தூக்கலாவா?" என்று மட்டும் கேட்டார்கள். தூக்கலாக என்றேன்.

திரும்பும்போது ஊர் எல்லை வந்ததும் ஸ்கூட்டர் என் பக்கத்தில் வந்தது. அடுத்து என்ன சொல்லப் போகிறானோ என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் முன்னாடி போறேம்மா. நீ மெதுவா வா" என்றான்.

போனான். பாலத்தில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வாய்த்த ஆண்களில் எனக்கு இப்படி ஒரு மரியாதை செய்தவன் அவன் ஒருத்தன்தான். நீங்கள் வருத்தப்பட்டால் படுங்கள்.

அடுத்த வாரம் முழங்கால் வலியோடு ஒரு அம்மா புதிதாக வருகிறாராம். "நீங்க அவங்களுக்கு வாலா வாரீங்களாம்மா?" என்று ஜெயா கேட்டிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா இறங்கி உருட்டினால் நானும் இறங்கி உருட்டுவேன். எவ்வளவு நேரமானாலும் தாண்டிப் போக மாட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்,
பேச்சியம்மாள்,
செல்லூர்.