இரண்டு மாத்திரைக்கு நடுவே ஒரு சொல்

ஜூன் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. அம்மாவை (என் கணவன் விதூனின் அம்மாதான், நானும் அம்மா என்றே கூப்பிடுகிறேன்) பக்கத்து வீட்டுக் கம்பூன் மாமாவின் வண்டியில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மாதாமாதம் பார்க்கும் சர்க்கரைச் சோதனை. அம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நர்ஸ் மருந்துப் பையை என் கையில் கொடுத்து மடமடவென்று பேசினாள். "பழைய மாத்திரை" புரிந்தது. "புது மாத்திரை" புரிந்தது. "காலையில" புரிந்தது. இரண்டு மாத்திரைக்கும் நடுவே ஒரு சொல் சொன்னாள். அது தெரியவில்லை.

நான் வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருப்பாள். என் முகம் இந்தத் தாய்லாந்துக்காரர்கள் முகம். பிலிப்பைன்ஸ்காரி என்றால் யாரும் நம்புவதில்லை. புரியவில்லை என்று சொன்னால் மூளை குறைந்தவளைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வழியில் அம்மா, "என்னடி சொன்னா?" என்றார்.

"எல்லாம் நல்லா இருக்காம், அம்மா."

ஜூன் 5

புது மாத்திரை சின்னது, வெள்ளை. பழையதோடு சேர்த்துக் கொடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

விதூன் தைவானிலிருந்து கூப்பிட்டான். "அங்க பழகிட்டியா?" "பழகிட்டேன்." ஏழு மாதமாக அதே கேள்வி, அதே பதில். பாங்காக்கில் இருந்த மூன்று வருஷமும் அவனோடு ஆங்கிலத்திலேயே பேசிப் பொழுதைக் கழித்தேன். வேலைக்குப் போகிறேன் என்று அவன் என்னை இங்கே விட்டபோது இந்த ஊர்ப் பேச்சில் பத்து வாக்கியம்தான் தெரியும்.

அம்மா இன்று என்னவோ போல இருந்தார். ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், வாய்க்குப் போகவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. என்னைச் சாய்ஃபன் என்று மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

புழுக்கம். புழுக்கம்தானே?

ஜூன் 8, சனி

காலை பத்து மணிக்குக் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. என் வாயில் தாய்லாந்து மொழியில் ஒரு சொல் வரவில்லை. எங்கள் ஊர்ப் பாஷையில் கத்தினேன். நல்லவேளை, கத்தலுக்கு அர்த்தம் வேண்டியதில்லை. கம்பூன் மாமா ஓடி வந்தார்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால்மணியில் அம்மா கண்ணைச் சுழற்றி, "யார் வீட்டுக் கட்டில் இது?" என்றார். அழுதுவிட்டேன்.

டாக்டர் என்னிடம் என்னவோ கேட்டார். மாத்திரை என்ற சொல் காதில் விழுந்தது. மீதி? தலையை ஆட்டினேன். மறுபடியும்! எனக்கு என்னதான் கேடு?

சாயங்காலம் உபோன் நகரத்திலிருந்து சாய்ஃபன் அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "கூடவே ஒருத்தி இருந்தும் இப்படி" என்று சுவரிடம் சொன்னாள். அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

சர்க்கரை ஏன் அப்படி இறங்கியது என்று டாக்டருக்குப் பிடிபடவில்லையாம். சாய்ஃபன் அக்கா தன் வயிற்றைத் தொட்டு முஷ்டியை மடக்கிக் காட்டினாள். கட்டியாக இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரப் போகிறார்கள். அக்கா அழுதாள். அம்மா அழவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "செத்தா அந்த ஊதாப் பட்டுப் பாவாடைதான் கட்டணும். பழுப்பு வேணாம், அது எனக்குப் பொருந்தாது" என்றார். அதைத்தான் எடுக்க வீட்டுக்கு அனுப்பினார்.

அலமாரிக்குப் பக்கத்தில் மருந்துப் பை. அதன் மேல் ஒட்டிய சீட்டுக்கு நேரே போனைப் பிடித்தேன். எழுத்து எங்கள் பாஷைக்கு மாறி வந்தது.

"பழைய மாத்திரைக்குப் பதிலாக."

பதிலாக. அதுதான் அந்தச் சொல். பழையதை நிறுத்திவிட்டு இதைக் கொடு என்றிருக்கிறாள். நான் இரண்டையும்... நாலு நாள்... என் கையாலேயே...

இந்தப் போனை அன்றைக்கே பிடித்திருக்கலாமே. ஏன் பிடிக்கல? புரிஞ்சவ மாதிரி நடிச்சு நடிச்சு எனக்கே புரிஞ்சிடுச்சுன்னு நெனைச்சேனா?

குளம் வாசலிலேயே இருக்கிறது. பையைப் போட்டால் மூழ்கிவிடும். யாருக்கும் தெரியாது. சொன்னால்? விஷம் வெச்சவள்னு சொல்வாங்க. போலீஸ் வரும். அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும், ஊர்த்தலைவர் கையெழுத்துப் போடுவாரா? விதூன்?

சொல்லாவிட்டால் இல்லாத கட்டியைத் தேடி அந்த வயிற்றை அறுப்பார்கள்.

குளக்கரை வரை போனேன். திரும்பி வந்தேன். பை என் மடியில்தான் இருக்கிறது. பாவாடையையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஒரு தாளில் இவர்கள் பேச்சை எங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் அறையில் தாள் ஈரமாகி ஒன்றும் தெரியவில்லை. பையை மேஜை மேல் வைத்தேன். "இது, அது, ரெண்டும் நான் குடுத்தேன். நாலு நாள். பதிலா — எனக்குத் தெரியாத சொல். புரிஞ்சுதுன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் சீட்டை எடுத்துப் படித்தார்.

சாய்ஃபன் அக்கா எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. "ஏழு மாசம்! பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு! உன்ன நம்பி எங்கம்மாவ விட்டோம்டி!" டாக்டர் கையமர்த்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தை எடுத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

வார்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: "அப்ப எனக்குக் கட்டி இல்லையா?"

"இல்லம்மா."

"அட கிறுக்கச்சி. என்னைக் கொன்னவளும் நீ, காப்பாத்தினவளும் நீ. நான் யாரைத் திட்டறது?"

ஜூன் 12

சாய்ஃபன் அக்கா அம்மாவை உபோனுக்குக் கூட்டிப் போய்விட்டாள். விதூன் போனில் கூப்பிட்டான். "கொஞ்ச நாள் அங்கேயே இரு" என்றான். இரு என்றால்? அதற்கப்புறம்?

ஜூன் 17

வாசலில் எந்த வண்டி நின்றாலும் போலீஸோ என்று எட்டிப் பார்க்கிறேன். கம்பூன் மாமா வீட்டிலிருந்து பப்பாளிச் சலாட் கொடுத்தனுப்பினார்கள். இறங்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மதியப் பஸ்ஸில் அம்மா தனியாக வந்து இறங்கினார்! கையில் ஒரு பை. "அவ வீட்ல நாலு சுவரும் டிவியும்தான். கோழி இல்ல, மனுஷங்க இல்ல." பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோழியைப் பார்க்கப் போனார். சாய்ஃபன் அக்கா போனில் போட்ட சத்தம் எனக்குத் தள்ளி நின்றும் கேட்டது.

ஜூலை 2, செவ்வாய்

தினமும் காலை ஏழு மணிக்கு அக்கா வீடியோவில் வருகிறாள். நான் மாத்திரையைக் காட்டி, பெயர், எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் டக்கென்று வைத்துவிடுவாள்.

இன்று வைக்கவில்லை.

"மழை பிடிச்சிருச்சாமே. நடவுக்கு ஆள் சொன்னியா?"

நடவு என்ற சொல் தெரியவில்லை. கேட்டேன். கையால் குத்திக் குத்திக் காட்டினாள்.

"கம்பூன் மாமா வீட்ல மூணு பேரு, அக்கா. என்னோட நாலு."

"உனக்கு நடத் தெரியுமா?"

"எங்க ஊர்லயும் நெல்லுதான்."

"கீழ வயலை மொதல்ல நடு. அங்கதான் தண்ணி நிக்கும்" என்றாள்.