ஆறு கோட்டைக்கும் ஒரே யானைப்படை

மூன்று ஆறுகளுக்கு அதிபதியும், ஆறு கோட்டைகளுக்கு உடையவரும், இன்று காலை நிலவரப்படி அரண்மனை மதிலுக்குள் மட்டும் ஆணை செல்லும் மன்னருமாகிய குணவல்லபப் பேருடையாருக்கு, நொச்சிக்கோட்டைத் தளபதி பூதி ஆதிச்சன் விடுக்கும் ஓலை. உமது குடிகள் நலமாக வாழ்க. உமக்கு அந்த வாழ்த்து இல்லை.

கலகம் செய்த வெட்சிக்கோட்டையை உடனே எரிக்க வேண்டும், தவறினால் உம்மிடம் பிணையாக இருக்கும் என் மகள் கொற்றியின் தலை வந்து சேரும் என்று எழுதியிருந்தீர். ஒரு கோட்டையின் கலகம் இத்தனை விரைவில் ஐந்துக்குப் பரவியது எந்தச் சூனியக்காரன் வேலை என்றும் கேட்டிருந்தீர். அந்தச் சூனியக்காரர் நீர்தாம்.

ஆண்டுதோறும் ஒவ்வொரு கோட்டைக்கும் அதற்கென்றே உள்ள யானைப்படை என்று ஒன்றை அனுப்பி வீதிவலம் விட்டீர். கண்டு நடுங்கிப் பணிந்து கிடந்தோம். தளபதிகள் தம்முள் சந்திக்கலாகாது என்று உம் பாட்டனார் ஏன் ஆணையிட்டார் என்பது எங்களுக்கும் விளங்கவில்லை, உமக்கும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால், இளவரசுப் பட்டம் கட்டிய விருந்தில் பெருமை காட்ட ஆசைப்பட்டு அறுவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்திருப்பீரா?

வெட்சித் தளபதி சேந்தன் காரி இலையில் கைவைத்தபடியே, “எங்க படையில வலக்காது கிழிஞ்ச கிழட்டு யானை ஒண்ணு இருக்குது ஓய், பலாச்சுளையைக் காட்டினா மண்டி போடும்” என்றார். “யோவ், அது எங்க யானைய்யா!” என்றேன் நான். அடுத்த இலைக்காரரும் அடித்துச் சொன்னார், அது தம்முடையது என்று. பாயசம் வருமுன், ஆறு படையும் ஒரே படை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அன்று எவரும் வாளைத் தொடவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். உம் பேரரசு அந்தப் பந்தியிலேயே முடிந்தது.

பிறகு காரி உம் கொடியை இறக்கினார். அவர்மேல் படையை ஏவினால் மற்றக் கோட்டைகளை அடக்க உம்மிடம் ஆளில்லை. ஏவாவிட்டால் உமக்குப் படையே இல்லை என்றாகும். இது ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்றவருக்கும் தெரியும் என்பதும் தெரியும். அப்புறம் காத்திருக்க என்ன இருக்கிறது?

காத்திருந்தவன் நான் ஒருவனே, மகளை எண்ணி. உமது ஓலை அதையும் முடித்து வைத்தது. உம்மிடம் எஞ்சிய படை ஒரு பெண்ணின் கழுத்து மட்டுமே என்று உம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்.

உமது பெயர் பொறித்த முத்திரையை உடைத்துவிட்டபடியால், கட்டைவிரல் பதித்து இதை விடுக்கிறேன். உம் திருமுன் வருமுன்பே அரண்மனைக் காவலர் முற்றத்தில் இதை உரக்க வாசிக்கும்படி தூதனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இறுதி ஆணை உமக்கன்று.

காவலர்களே, கொற்றியின் அறைச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. திறந்துவிடுங்கள்.