தண்ணீர் குடித்த லாரி

மிதெல்த்
வியாழன் பிற்பகல்

என் செல்ல மகள் இட்டோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஆடுகளும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மொன்றியல் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தொழுகை விரிப்பை மடிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் என்றால் நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருக்கிறாய், நானும் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்றே சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் லாரி விஷயம் உனக்கு முழுசாகத் தெரியாது. அவர் போனதிலிருந்து அது முற்றத்தில்தான் நின்றது, பேட்டரி செத்துவிடக்கூடாதே என்று வெள்ளிக்கிழமைதோறும் நானே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். பேட்டரிக்காக என்று ஊரிடம் சொன்னேன், வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. ஆப்பிள் பூத்த சமயத்தில் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினேன், அடுத்த வாரமும் குறைந்திருந்தது, ஆனால் கீழே மண்ணில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. உன் சித்தப்பா சக்கூ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுடலாம் அண்ணி, இதை வச்சுக்கிட்டு நீங்க என்ன மலையேறப் போறீங்களா என்றார். எனக்குச் சுருக்கென்றது. காலையில் கதவைத் திறந்தால் செத்த வண்டி முகத்தில் விழிப்பதும் பிடிக்கவில்லை, அதைத் துண்டு துண்டாக வெட்டி அள்ளிப் போவதைப் பார்க்கவும் மனம் வரவில்லை. அப்பாவின் கூட்டாளி மெக்கானிக் பாசூவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு காது கேட்காமல் ஊரையே திட்டிக்கொண்டிருப்பானே, அவன்தான். அவன் மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ராபாத் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

வந்ததும் ஒரு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். ஹோஸ் ஒவ்வொன்றையும் தடவினான், வாட்டர் பம்பின் கீழே விரலை விட்டுப் பார்த்தான், எங்கும் ஈரமில்லை. பிறகு எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். சூடேறுவதற்கு முன்பே உள்ளே தண்ணீர் குமிழ் குமிழாகக் கிளம்பியது, பின்னால் குழாயில் வெள்ளையாகப் புகை. ஆயில் பார்க்கும் குச்சியை இழுத்தால் பால் காபி நிறம். வெளிய எங்கயும் ஒழுகலை தங்கச்சி, உள்ளயே குடிக்குது, பொண்டாட்டிக்குத் தெரியாம குடிக்கிறவன் மாதிரி என்றான். எஞ்சின் தலைக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கும் தகடு, அந்த ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருந்தால் பிழைத்தோம் என்றுதான் ஹெட்டைக் கழற்றினான், ஆனால் அடியில் எஞ்சினின் உடம்பான பிளாக்கிலேயே மயிரிழை போல ஒரு விரிசல். வெறுந்தண்ணியோட பனியில நின்னிருக்கு, உறைஞ்சு பிளந்துபோச்சு என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா கடைசியாகக் கணவாயிலிருந்து இறங்கி வந்த அன்று நெஞ்சுவலியோடு வழியில் எங்கேயோ ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார், உறையாமல் இருக்க ஊற்றும் பச்சைத் திரவத்தை வீட்டுக்கு வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். வந்தவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். பாசூ துணியை எடுத்து அந்த விரிசலைத் துடைத்தான், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு மருமகன் இஷ்ஷு ஓட்டுவதற்கு வண்டி இல்லாமல் இருந்தான். அவனும் நானும் பங்கு போட்டு, மெக்னஸ் பக்கம் கவிழ்ந்து கிடந்த அதே ரக லாரியின் எஞ்சினை வாங்கினோம், ஆப்பிள் பறிப்பதற்குள் வண்டி ஓடவேண்டும் என்று பேச்சு. மூன்று கம்பங்களை நட்டு, சங்கிலி போட்டு, பழையதைத் தூக்கி இறக்கினார்கள். புதிதாக வந்ததைக் கீழே வைத்தே பாசூ கையால் சுற்றிப் பார்த்து, கேஸ்கெட், சீல், வாட்டர் பம்பு எல்லாவற்றையும் மாற்றினான். உள்ள போட்டப்புறம் இதுக்குக் கை நுழையாது, இப்பவே மாத்தலன்னா அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க என்று இஷ்ஷுவை அதட்டினான். அந்த நாட்களில் முற்றத்தில் எப்போதும் ஆள் இருந்தது, அடுப்பில் தேநீர் இருந்தது, யாராவது யாரையாவது ஏசிக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் சொல்வதற்கென்ன, எஞ்சினை உட்காரவைக்கும் போல்ட் ஒன்று உடைந்து வேலை நின்றபோது இஷ்ஷு தலையில் கைவைத்து உட்கார்ந்தான், நான் சமையலறைக்குப் போய்ச் சந்தோஷப்பட்டேன்.

ஆனாலும் முடிந்துவிட்டது. பச்சைத் திரவம் ஊற்றி, மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டார்கள், ஒரு குமிழ்கூட வரவில்லை. கணவாய் வரை ஏற்றிப் பார்க்கப் போனபோது என்னையும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவன் மாதிரி பாசூ வழி முழுக்க அந்தச் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான், அது பாதிக்கு மேல் ஏறவே இல்லை. மேலே நிறுத்தியபோது காற்று அப்படி அடித்தது, அயாஷி மலை முழுக்கத் தெரிந்தது, அப்பா தினமும் பார்த்ததை நான் ஒருநாள் பார்த்தேன். போன திங்கட்கிழமை இஷ்ஷு ஆப்பிள் ஏற்றிக்கொண்டு காசாபிளாங்கா போய்விட்டான். இனி மாதத்தில் பாதி நாள் வண்டி வெளியில்தான். சரி செய்தால் கிளம்பிவிடும் என்று தெரிந்தேதான் செய்தேன், ஆனாலும் வாசலைத் திறந்தால் முற்றம் இவ்வளவு பெரியதா என்றிருக்கிறது, கோழிகள்கூட நடுவில் போகாமல் சுவரோரமாகவே மேய்கின்றன.

செவ்வாய்க்கிழமை பாசூ வந்தான். பதினேழாம் நம்பர் ஸ்பானரை இங்கே விட்டுவிட்டேன் என்றான். இருவரும் கம்பம் நட்ட இடம், கொட்டகை, விறகுக்குப் பின்னால் என்று எல்லா இடமும் தேடினோம். கிடைக்கவில்லை. தேநீர் போட்டேன், சக்கூவைத் திட்டினான், மழையைத் திட்டினான், இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தான். எழுந்திருக்கும்போது அவன் மேலங்கிப் பையில் ஸ்பானரின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கும் வந்து தேடிப் பாக்கறேன் தங்கச்சி என்றான், வாங்க என்றேன். நேற்றும் வந்து தேடினான்.

காலுக்குக் கம்பளி உறை போடாமல் வெளியே போகாதே, பெருநாளன்று சித்தப்பாவுக்கு ஒரு போன் செய்துவிடு, லாரியை இரும்புக்குப் போடச் சொன்னாரே என்று கோபத்தை மனதில் வைக்காதே. அல்லாஹ் உன்னை எந்தத் தீங்கும் அண்டாமல் காப்பானாக, நீ போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். லீவு கிடைத்தால் தேதியை முன்பே சொல், விமான நிலையத்துக்கு இஷ்ஷுவோடு லாரியிலேயே வருகிறேன்.

உன் அம்மா,
தூடா