தலைமையாசிரியர் தொண்டையில் சிக்கிய சூரை முள்

பழவேற்காடு,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் காவியாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு ஏரி நிறைந்து கிடக்கிறது, நண்டும் இறாலும் தாராளமாக வருகின்றன, அம்மாவுக்கு முட்டி வலி பாதியாகக் குறைந்து மாடிப்படி ஏறி வடகம் காயப்போடுகிறாள். கூரையில் ஒழுகிய இடத்தை நானே அடைத்துவிட்டேன். அந்தக் கொத்தனாரை இனி நான் கூப்பிடுவதாக இல்லை, போன தீபாவளிக்கு அவன் செய்ததை நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நலம் விசாரிக்கவில்லை, ஒரே ஒரு வரி, "நைனா, வேணும்னே பண்ணியா?" அவ்வளவுதான். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் சிவகுமார் தொண்டையில் நான் முள்ளை வைத்துக் கொல்லப் பார்த்தேன் என்று உன் பெரியம்மா உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வேறு வேலை கிடையாது. ஊர் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை, ஆனால் டப்ளினில் உட்கார்ந்துகொண்டு நீயும் அப்படி நினைக்கிறாய் என்றால் அது எனக்குச் சோறு இறங்காத விஷயம். போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா குறுக்கே புகுந்துவிடுவாள், எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். நிதானமாக முழுதும் படி.

முள் இருந்தது ஒரு சப்பாத்தி ரோலில், அந்த ரோல் விஷயத்தை ஆரம்பித்து வைத்ததே நீதான். ஆஸ்பத்திரி வார்டில் வேலையில் நின்றபடியே தலை சுற்றி விழுந்தாய், இரத்தம் குறைவு என்றார்கள், மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் தருகிறார்கள், ரொட்டியும் ஜாமும்தான் முடிகிறது என்று அழுதாய். அங்கே டப்பாவில் விற்கிற டூனாவை வைத்துச் சட்டென்று ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாய். டூனா என்றால் நம் சூரைதானே, அதில் புரதத்துக்குப் பஞ்சமா என்று நான் இங்கே செய்து பார்க்க ஆரம்பித்தேன். உன் பெரியப்பா திருவேங்கடத்தின் படகில் சூரை வருகிறது. அவர்மேல் எனக்குள்ள மூன்று குறைகளும் உனக்குத் தெரியும், அவற்றை இங்கே எழுதவில்லை. ஆனால் மீனைப் பிடித்த உடனே ஐஸில் போடுகிற ஆள் அவர் ஒருவர்தான், வெயிலில் கிடந்த சூரையைத் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பதால் அவரிடமே வாங்கினேன். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, புட்டுக்கு உதிர்ப்பதுபோல உதிர்த்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், மிளகுத்தூள், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் இரண்டு கரண்டி, ஓர் அவித்த முட்டையை மசித்துச் சேர்த்துப் பிசைந்தேன். தயிரையும் மீனையும் சேர்க்கக் கூடாது என்று உன் அம்மா சண்டை போட்டாள், அவளுக்கு மட்டும் தயிர் இல்லாமல் செய்தேன். சப்பாத்தியின் நடுவே வெள்ளரித் துண்டு இரண்டு வைத்து, மேலே இதைப் பரப்பி, கீழ்ப்பக்கத்தை மடித்துச் சுருட்டி, அலுமினியத் தாளில் இறுக்கிவிட்டால் முடிந்தது. நீ டப்பா மீன் வைத்திருப்பதால் வேகவைக்கும் வேலையும் இல்லை, சப்பாத்தியை முந்தின நாளே போட்டு வைத்துக்கொண்டால் காலையில் ஐந்து நிமிடம். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இரண்டு வாரமாக நான் மதியச் சாப்பாட்டு மணிக்காகக் காத்திருக்கிற ஆளாகிவிட்டேன்.

இப்போது முள் சிக்கிய போன புதன்கிழமைக்கு வருகிறேன். சிவகுமாருக்குப் பொன்னேரியில் தலைமையாசிரியர் கூட்டம், ஒன்றேகால் பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலி எட்டு வருடத்துக்கு முன் எனக்கு வந்திருக்க வேண்டியது. எனக்கு மூன்று வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவரை நிர்வாகம் தூக்கி வைத்தது, அன்றிலிருந்து வேலை விஷயம் தவிர அவரிடம் நான் வாய் திறப்பதில்லை. ஆசிரியர் அறையில் என் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன், உள்ளே இரண்டு ரோல். ஆங்கிலம் எடுக்கிற ரோஸ்மேரி டீச்சர், "சார், பாவம், பட்டினியா போறாரு, ஒண்ணு குடுங்களேன்"னு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மறுக்க முடியுமா. டப்பாவை நீட்டினேன். சிவகுமார் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு காதில் போனை வைத்தபடியே கடித்தார். மூன்றாவது கடியில் பேச்சு நின்றது. தொண்டையைப் பிடித்துக்கொண்டார், கண் சிவந்துவிட்டது. ரோஸ்மேரி வெறும் சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினார், யாரோ வாழைப்பழம் கொண்டுவந்தார்கள், முள் எதற்கும் அசையவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டர் இடுக்கி விட்டு எடுத்தார். அரை விரல் நீளம், மீனின் நெஞ்சுப் பக்கத்து முள்.

முள் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். நடுமுள்ளை நான் எடுத்துப் போட்டுவிட்டேன். மற்றதை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை, காவியா. நம் குப்பத்தில் யார் எடுக்கிறார்கள்? வாய்க்குள் போனதும் நாக்கு தானே ஒதுக்கி உதட்டோரம் கொண்டுவந்துவிடுகிறது. இரண்டு வாரம் அதே ரோலைத் தின்று, அதே முள்ளை நானும் துப்பியிருக்கிறேன், துப்புகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவர் திருத்தணிப் பக்கத்து ஆள். ஆட்டுக்கறி தின்று வளர்ந்தவருக்கு நாக்கில் அந்தப் பழக்கம் எங்கே இருக்கும்? தட்டில் மீன் இருந்தாலாவது கண்ணால் பார்த்துப் பிரிப்பார், சுருட்டி மூடிக் கொடுத்ததில் எதைப் பார்ப்பார்.

சாயங்காலத்துக்குள் ஆட்டோக்காரன் புண்ணியத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "எட்டு வருசக் கோவம், ஒரே முள்ளு. வாத்தியாரு வாத்தியாருதான்பா"ன்னு ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உன் பெரியப்பா வீட்டு வாசலுக்கே வந்து, "இன்னாடா, கொயம்புக்குன்னு நெனச்சில்ல சூரைய குடுத்தேன், நீ ஆள தூக்கறதுக்கா வாங்கிம்போன?"ன்னு கேட்டார். உன் அம்மா இருக்கிறாளே, அவள் கதவைச் சாத்திவிட்டு, "நெசத்த சொல்லுய்யா, நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்"னு கிசுகிசுத்தாள். இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியவள்.

வெள்ளிக்கிழமை சிவகுமார் பள்ளிக்கு வந்தார், குரல் கரகரத்திருந்தது. முதல் மணி அடித்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் சட்டைப் பையில் மூன்று பக்க விளக்கம் எழுதி வைத்திருந்தேன், அதில் முள்ளைப் பற்றி அரைப் பக்கம், மீதி என் பணி மூப்பைப் பற்றி. அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ஊர்ல என்னென்னமோ பேசறாங்க சார். டப்பால ரெண்டு இருந்துச்சு. எத எடுக்கணும்னு நீங்க சொல்லல, நான்தான் எடுத்தேன். மிச்சம் நீங்க சாப்புட வேண்டியது. வேணும்னு செய்யறவரு அப்படி நீட்ட மாட்டாரு. இத நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்"னு சொன்னார். அவரே சிரித்துக்கொண்டு, "முள்ளு வர்ற வரைக்கும் நல்லா இருந்துச்சு சார். டாக்டர் சோத்தக் கொறைக்கச் சொல்லியிருக்காரு. திங்கக்கெழம ஒண்ணு கொண்டாருவீங்களா?"ன்னு கேட்டார். மூன்று பக்கமும் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

நேற்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணுக்கையும் விரலால் நசுக்கிப் பார்த்து முள் எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, கொயந்தைக்கு எடுக்கற மாரி எடுக்கற"ன்னாள். உனக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுப்பேன், நான்கு வயதில் நீ தட்டைப் பிடுங்கிக்கொண்டு நானே தின்பேன் என்றாய். அதற்குப் பிறகு நான் முள் எடுத்துக் கொடுத்த ஒரே ஆள் சிவகுமார். மதியம் ஆசிரியர் அறையில் அவர் எல்லார் எதிரிலும் ரோலை மேசையில் விரித்துப்போட்டு, விரலால் துழாவிப் பார்த்து, திரும்பச் சுருட்டித் தின்றார். எனக்கு ரோஷம் வரவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கடைசித் துண்டு வரைக்கும் தின்றார். நன்றாக இருந்தது என்று அவர் சொன்னபோது எனக்கும் மனம் குளிர்ந்தது, மறைப்பானேன். நாற்காலி விஷயத்தை நான் மன்னிக்கவில்லை, அது வேறு.

நீ கேட்டதற்கு என் பதில், வேண்டுமென்று செய்யவில்லை. ஏரியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஆனால் உன்னிடம் அரைகுறையாகச் சொல்லக் கூடாது. அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு திணறியபோது எல்லாரும் ஓடினார்கள், நான் உடனே எழுந்திருக்கவில்லை. மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்துக்கு எனக்கு இனித்தது. அப்புறம்தான் எழுந்து அவர் முதுகைத் தட்டினேன், ஆட்டோவுக்கு ஓடினதும் நான்தான். சிவகுமாரின் வாதம் சரியானதுதான், ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இதையும் சேர்த்துக்கொண்டு உன் நைனா எப்படிப்பட்டவன் என்று நீயே முடிவு செய், முடிவு எதுவானாலும் எனக்கு எழுது.

அடுத்த மாத இரத்தப் பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று தெரிவி. டப்பா மீனில் முள் இருக்காது என்று மேலே எழுதியிருப்பார்கள், நம்பாதே, தண்ணீரை வடித்துவிட்டு ஒரு முறை விரலால் நசுக்கிப் பார். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும்போது இரண்டு முறை பார். இருபது நிமிடமும் உட்கார்ந்தே சாப்பிடு. கடலும் ஏரியும் உன்னைக் காக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த இரத்தத்தோடும் இருக்க நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

முழுதையும் சொல்லிவிட்ட,
உன் நைனா
தேவேந்திரன்