அரைக்குழியில் முளைத்தது

6 நவம்பர் 2024, புதன்

வீட்டுக்கு வந்து நான்காம் நாள். என் கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்குக் குறுக்கே ஐந்து கம்பி. வெளியே எங்கள் தக்காளிக் கொல்லை, அது முடிகிற இடத்தில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பாலக்கோடு போகும் ரோடு. படுத்தபடி பார்த்தால் பஸ்ஸின் தலை மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஐம்பத்தைந்து நாள் இருந்தேன். நரம்புகளை உடம்பே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோயாம். காலில் ஆரம்பித்து மேலே மேலே ஏறி மூச்சு வரைக்கும் வந்தது. இப்போது ஏறிய வழியிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. கை வந்துவிட்டது. எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது, ஆனால் என் எழுத்துதான். முட்டிக்குக் கீழே மட்டும் இன்னும் வரவில்லை.

மார்ச்சில் பதினோராம் வகுப்புப் பரீட்சை. அதற்கு நான் நடந்து போக வேண்டும். யாரும் தூக்கிப் போகக் கூடாது.

அதனால் யூனிபார்மை எதிர்ச்சுவர் ஆணியில் மாட்டச் சொன்னேன். தினமும் கண்ணில் பட்டால் ஒரு வைராக்கியம் வரும். இரண்டு செட்டில் ஒன்றை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். இன்னொன்று பீரோவில் இருக்க வேண்டும்.

அம்மா, "சலவைக்குப் போட்டிருக்குது" என்றாள்.

எங்கள் வீட்டில் எதையும் யாரும் சலவைக்குப் போட்டதில்லை.

9 நவம்பர், சனி

பிசியோதெரபி அக்கா நிர்மலாதேவி வந்தார். இனி சனிக்கிழமைதோறும் வருவார். "கட்டைவெரல அசைக்கறேன்னு மனசுல சொல்லு. சொல்லிக்கிட்டே இரு. நரம்புங்கறது கரண்டு வயரு மாதிரி, திரும்ப வளந்துட்டு இருக்குது. அது போய்ச் சேந்தா வெரலு கேக்கும்" என்றார்.

சொன்னேன். ஐம்பது முறை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி என் கால்கள் கட்டில் கடைசியில் கிடக்கின்றன.

12 நவம்பர், செவ்வாய்

சாயங்காலம் அப்பா என்னைத் தூக்கி வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தார். தெருவில் விளையாடிய பிள்ளைகள் சத்தம் போடாமல் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். பிறகு கதவுச் சந்துகளில் கண்கள்.

எதிர்வீட்டு சாலம்மாள் பெரிம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் சொன்னார்: "நல்லா படிக்கிற புள்ளையா இருந்துச்சு, காவேரி. மொகத்துல அப்பிடி ஒரு களை இருந்துச்சு."

இருந்துச்சா?

"நான் இங்கதான் இருக்கறேன், பெரிம்மா" என்றேன். தழைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார்.

15 நவம்பர், வெள்ளி

ரேவதிக்கு ஏழாவது முறையாகப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள்.

17 நவம்பர், ஞாயிறு

மத்தியானம். அம்மாவும் அப்பாவும் தக்காளி பறிக்கப் போயிருந்தார்கள். வாசல் நாற்காலியில் நான். தெருவில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

காற்று அடித்தது. எதிரே பெரிம்மாவின் ஆட்டுக்கொட்டகைக் கூரையில் போட்டிருந்த பழைய பிளெக்ஸ் பட்டென்று மேலே எழும்பியது. அதன் உள்பக்கம் ஒரு கண்.

மறுபடி காற்று. இரண்டு கண், தலைகீழாக. அவற்றுக்கு மேலே சிரிக்கிற வாய். தெரிந்த முகம்தான், யாரென்று பிடிபடவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். காதில் என் கம்மல்.

மூன்றாவது காற்றுக்குக் காத்திருந்து, எழுத்துகளைப் படித்தேன். கண்ணில் பட்டதைப் படிக்காமல் விட எனக்குத் தெரியாது. போண்டா கட்டி வந்த பேப்பரைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவேன்.

கண்ணீர் அஞ்சலி. செல்வி அ. கனிமொழி. தோற்றம் 23.04.2008. மறைவு 19.09.2024.

18 நவம்பர், திங்கள்

அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே எல்லாம் சொன்னாள். ஆய்ந்த கீரையையே திரும்பத் திரும்ப ஆய்ந்தாள்.

செப்டம்பர் பத்தொன்பது. நான் மூச்சு மெஷினில் இருந்தேன். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. பிழைப்பது கஷ்டம், வீட்டுக்குக் கொண்டுபோகிறதானால் கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். மாதவராஜ் சித்தப்பாதான் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். என் இமைகூட ஆடவில்லை. மழை வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டுமென்று அவர் தன் வண்டியில் முன்னால் ஊருக்குப் போனார். பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். எங்கள் கொல்லையிலேயே குழி தோண்ட ஆள் விட்டார்.

அம்மா கையெழுத்துப் போடவில்லை. "போட மாட்டேன்னு பேனாவ இடுப்புல சொருகிக்கிட்டேன்" என்றாள். அந்தப் பேனா வீட்டுக்கே வந்துவிட்டது. இதை அதில்தான் எழுதுகிறேன்.

நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது குழி முழங்கால் ஆழம் வந்திருந்தது. தோண்டின குழியைச் சும்மா மூடக் கூடாதாம். மூடினால் அது ஆள் கேட்கும். வாழைத்தண்டை வெட்டி, அந்த ஆளுடைய துணியைச் சுற்றி, ஆளாக நினைத்துப் புதைத்துவிட வேண்டும். சித்தப்பா என் யூனிபார்மை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் காது கேட்டது. சித்தப்பா குனிந்து, "போயிட்டயா சாமி?" என்றார். இல்ல இல்ல இல்லன்னு கத்துனேன். உள்ளுக்குள்ளயே கத்துனேன்.

19 நவம்பர், செவ்வாய்

அந்த இடம் ஜன்னலிலிருந்து தெரிகிறது. தக்காளி வரிசைகள் அங்கே வந்ததும் நின்று, சுற்றிக்கொண்டு போகின்றன. நடுவில் என் நீளத்துக்கு வெறும் மண். இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.

23 நவம்பர், சனி

இடது கட்டைவிரல் அசைந்தது! ஒரே ஒரு முறை. நிர்மலாதேவி அக்காவும் பார்த்தார். எனக்குத் தோன்றியதல்ல, நடந்தது.

2 டிசம்பர், திங்கள்

மூன்று நாளாகப் புயல் மழை. பஸ் இல்லை, கரண்டு இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் என் பாதம் நனைகிறது. போர்வையை விலக்கித் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் விரல் இடுக்கில் சேறு நசநசவென்று இருக்கிறது. வாயில் மண் வாசனை.

நரம்பு வளரும்போது இப்படிப் பொய் சொல்லும் என்று அக்கா முன்பே எச்சரித்திருக்கிறார். பொய்தான். ஆனால் மழை எப்போது விடுகிறது என்று பாதத்துக்கு எப்படித் தெரிகிறது?

6 டிசம்பர், வெள்ளி

வெயில் வந்துவிட்டது. வெறும் மண்ணின் நடுவே பச்சையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சுருட்டின காகிதம் மாதிரி. நேற்று இல்லை.

8 டிசம்பர், ஞாயிறு

அது முதல் கம்பியைத் தாண்டிவிட்டது. என் தலையணையில் ஒரு புள்ளி வைத்து, தினமும் அதே இடத்தில் தலை வைத்துப் பார்க்கிறேன், அளவு தப்பாது.

விரல் இன்று அசையவில்லை. நூறு முறை சொன்னேன்.

11 டிசம்பர், புதன்

அது ஒன்றரைக் கம்பி. விரல் இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

ரேவதி வந்தாள்! கதவருகே நின்று முதலில் என் கட்டிலுக்குக் கீழே பார்த்தாள்.

"என்னடி தேடற?"

"ஒனக்கு நெழல் விழுதான்னு."

"விழுதா?"

"கோணலா விழுது. ஒன் எழுத்து மாதிரியே." அப்புறம் அழுதாள். போன் எடுக்கப் பயமாக இருந்ததாம். என் பேர் திரையில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாளாம். "ஒனக்கு ரெண்டு நிமிசம் மௌனமெல்லாம் நின்னோம்டி. பி.டி. சார் அழுதாரு. அன்னிக்குக் கணக்கு டெஸ்ட் கேன்சல். கிளாசே ஒன்ன வாழ்த்துச்சு."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள், ஏதோ ஆகிவிட்டது என்று.

ரேவதி ஜன்னல் பக்கம் திரும்பி முளையைப் பார்த்தாள். "அதுதானா?" என்றாள். அதுதான்.

21 டிசம்பர், சனி

நிர்மலாதேவி அக்கா நடைவண்டியைப் பிடிக்கச் சொல்லி நிறுத்தினார். நின்றேன். பாதம் கீழே இருப்பது தெரியவில்லை, காற்றில் நிற்பது மாதிரி. எட்டு அடி வைத்தேன். பாதம் தொங்குவதால் விரல் தரையில் இழுபடுகிறது.

வெளியே சாலம்மாள் பெரிம்மாவின் குரல்: "பொதச்சது எந்திரிக்குதே, காவேரி! அது முழுசா எந்திரிச்சா இது படுத்துரும். மாதவராஜே வந்து வெட்டி எரிக்கட்டும். அமாவாச வருது பாரு."

நான் மனதுக்குள் வைத்திருந்ததை அவர் எப்படித் தெரிந்துகொண்டார்? நான் நோட்டில்கூட எழுதவில்லையே.

வெட்டட்டும். எனக்கும் வெட்டட்டும் என்றுதான் இருக்கிறது.

28 டிசம்பர், சனி

தாவரவியல் படித்தேன். வெளியே தெரிகிற வாழைத்தண்டு உண்மையான தண்டே இல்லை, இலைகளின் அடிப்பகுதி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. தண்டை மட்டும் வெட்டிப் புதைத்தால் அழுகிப் போகும். முளைக்காது.

அப்படியானால் சித்தப்பா தண்டை வெட்டவில்லை. மழை, அவசரம், அழுகை. ஒரு கன்றைக் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அது இரண்டு மாதத்துக்கும் மேலே முழங்கால் ஆழத்தில் கிடந்திருக்கிறது. என் சட்டையைப் போட்டுக்கொண்டு. போயிட்டயா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல்.

30 டிசம்பர், திங்கள், அமாவாசை

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உச்சி வெயில். அப்பா பாலக்கோடு மண்டிக்குப் போயிருந்தார், அம்மா தண்ணீர்க் குழாயடியில். ஜன்னலில் சித்தப்பாவின் முதுகு. மூன்று மாதத்தில் முடியெல்லாம் நரைத்திருந்தது. கையில் கொடுவாள். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய், அதன் முன்னால் நின்றார்.

ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன். குரல் இன்னும் சரியாக வரவில்லை. அவர் தோள் தூக்கிப் போட்டது, ஆனால் திரும்பவில்லை. செத்த குரலுக்குத் திரும்பக் கூடாது என்பார்கள்.

நடைவண்டியைப் பிடித்துப் பின்கதவைத் தாண்டினேன். வரப்பில் அதன் கால்கள் சேற்றில் இறங்கிவிட்டன. இழுத்தேன், வரவில்லை. அதை அங்கேயே விட்டேன்.

ஒன்று, இரண்டு... தக்காளிக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு. குச்சி முடிந்த இடத்திலிருந்து வெறும் கையோடு. பதினேழாவது அடியில் விழுந்தேன். அவர் காலருகே.

"ஐயோ" என்று பின்னால் நகர்ந்தார். கொடுவாள் எங்கே விழுந்ததோ.

"சித்தப்பா, அத வெட்டாதீங்க."

இன்னோரடி பின்னால் போனார். பிறகு: "நீ... நெசமாவா சாமி?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில கேட்டீங்களே, போயிட்டயான்னு. கேட்டுச்சு சித்தப்பா. இல்லன்னு சொன்னேன். வாய் வரல."

அவர் அந்தச் சேற்றிலேயே மண்டி போட்டுக்கொண்டு அழுதார். ஆண்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "உசுரோட இருந்தவளுக்குக் குழி வெட்டுனேனே..."

"குழி வெட்டல. கெழங்கோட பொதச்சிருக்கீங்க. நட்டுருக்கீங்க." தாவரவியல் முழுவதும் சொன்னேன். முளைக்கு அருகே மண்ணிலிருந்து ஒரு கருநீலத் துணி முனை எட்டிப் பார்த்தது. என் யூனிபார்மின் ஓவர்கோட். நான் அதைத் தொடவில்லை. இப்போதும் எனக்குப் பயம்தான், இல்லை என்று எழுத மாட்டேன்.

சத்தம் கேட்டு சாலம்மாள் பெரிம்மா ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய், குனிந்து, ஈரமண்ணில் என் காலடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது சுத்தமாக, வலது கோடு இழுத்தபடி. ஒன்றின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தடம் விழுந்திருக்குதே" என்றார். அப்புறம், இத்தனை நாளுக்குப் பிறகு, என் முகத்தைப் பார்த்து: "கனி, நீயாடி நடந்து வந்த? கேனச் சிறுக்கி, சேத்துல உக்காந்துட்டு இருக்கற! சளி புடிக்கப் போவுது, எந்திரி!"

4 ஜனவரி 2025, சனி

இரண்டு கட்டைவிரலும். அது இரண்டாவது இலை விட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில்.

19 ஜனவரி, ஞாயிறு

பெரிம்மா கொட்டகைப் பிளெக்ஸைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், குட்டிகள் நனையும் என்றேன். காற்றில் அந்த முகம் எழும்பும்போது இன்னும் முதுகு சில்லிடுகிறது. ஆடுகள் அதை ஒன்றும் பொருட்படுத்துவதில்லை.

2 மார்ச், ஞாயிறு

பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள். புது யூனிபார்முக்கு அளவு கொடுக்கச் சித்தப்பாவின் வண்டியில், தக்காளிப் பெட்டிகளோடு, பாலக்கோடு போனோம். கைத்தடியோடு டெய்லர் கடையின் மூன்று படியையும் நானே ஏறினேன். சித்தப்பா பின்னால் கையை நீட்டியபடியே வந்தார், தொடவில்லை.

டெய்லர் போன ஜூன் மாத நோட்டைப் புரட்டினார். என் பெயரைக் கண்டுபிடித்ததும் நோட்டைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். பெயரின் குறுக்கே ஒரு கோடு.

"பரவால்லீங்கண்ணா" என்றேன். "கீழ இடம் இருக்குதே."

கீழே எழுதினார். டேப்பைப் பிடித்தவர் புருவத்தைத் தூக்கினார். மறுபடி அளந்தார். "படுத்தே கெடந்த புள்ளன்னாங்க? ஒன்னரை இஞ்சு வளந்திருக்குதேம்மா."

திரும்பி வரும்போது ரோட்டிலிருந்தே எங்கள் வாழை தெரிந்தது. அதனடியில் இருக்கிற சட்டை இனி எனக்குப் பத்தாது.