அந்தியூர் உறுப்பினர் அட்டை

1997, ஆடி வெள்ளி

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. காலையில் எவ்வளவு கோபத்தோடு நூலகர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனேன்!

மூன்று நூலகங்களின் புத்தகப் பட்டியலையும் ஒரே பிளாப்பியில் சேர்ப்பது என் பொறுப்பு. அவிநாசியும் காரமடையும் ஏற்றிவிட்டன. கடைசியாக அந்தியூர் போன பிளாப்பி ஒரு மாதமாகத் திரும்பவில்லை. அது இல்லாமல் இன்று கம்ப்யூட்டரில் எதைக் காட்டுவது?

அந்தியூர் நூலகர் சரஸ்வதி பையிலிருந்து அதை எடுத்தார். மேலே நூலக முத்திரை, பதிவு எண். பின்னால் தேதிச் சீட்டு வேறு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, இதையுமா ரிஜிஸ்டர்ல ஏத்துனீங்க?"

"ஏத்தித்தானுங்க ஆகோணும். ஏத்திப்போட்டா அப்புறம் மெம்பர் இல்லாதவங்களுக்கு எப்படிங்க அனுப்பறது?"

"இன்னைக்கு எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"என்ற கார்டுலதானுங்க எடுத்துட்டு வந்தேன்."

திட்ட வாயெடுத்தவன் பிளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். அவருடைய நூலகத்துப் புத்தகம் ஒன்றுகூட விடுபடவில்லை. காரமடை நூலகர் ஸ்டீபன் தேடிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். அவருடைய வாசகர் ஒருவர் வருடக்கணக்காகக் கேட்கும் தேனீ வளர்ப்புப் புத்தகம் அந்தியூரில் இருக்கிறது!

"அதைக் குடுப்பீங்களாங்க?"

"மெம்பருக்குத்தானுங்க" என்ற சரஸ்வதி, பையிலிருந்து எங்கள் எல்லோருக்கும் உறுப்பினர் படிவம் எடுத்து நீட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

பிளாப்பி இப்போது என் பெயரில் இருக்கிறது. பதினான்கு நாளில் திருப்ப வேண்டும். தவறினால் கோபத்தோடு புறப்பட்டு வரப்போவது அவர்.