சுவருக்கு அந்தப் பக்கம்

என் மகளின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நாம் மூன்று பேரும் வெளிநாடு போகத்தான் ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஸ் பரீட்சைக்குப் படிக்க என்னை அனுப்பினீர்கள். பேச்சில் மட்டும் ஏன் புள்ளி குறைந்தது என்று இப்போது கேட்கிறீர்கள். யட்டியாந்தோட்டை வகுப்பில் படிப்பிக்கும் சேர் முதல் நாளே சொன்னார்: "தினமும் சத்தமா பேசிப் பழகுங்க. வாய் பழகாட்டி படிச்சதெல்லாம் வீண்."

சத்தமாகத்தான் தொடங்கினேன். நம் தோட்டத்து லயத்தில் வரிசைக் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் யாரோ ஒருவனோடு போனில் இங்கிலீசில் கொஞ்சுவதாகப் பக்கத்துக் காம்பரா அக்கா உங்கள் அம்மாவிடம் சொன்னார். அம்மா கொழும்பிலிருக்கும் உங்களிடம் சொன்னார். நீங்கள் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "வாயப் பொத்திக்கிட்டுப் படி" என்றீர்கள்.

பொத்திக்கொண்டே படித்தேன். உதட்டை மட்டும் அசைத்துப் பழகினேன். பரீட்சையில் கேள்வி கேட்ட அம்மணி, கொஞ்சம் சத்தமாகப் பேசும்படி திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்த பதில்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

மறுபடியும் பரீட்சைக்குப் போகிறேன். இப்போது காம்பரா நடுவில் நின்று சத்தமாகவே படிக்கிறேன். யாரோடு வெளிநாடு போகிறாய் என்ற கேள்விக்கு நேற்று பதில் பழகினேன். நானும் மகளும் மட்டும் என்று இங்கிலீசில் ஒரு தரம் சொன்னேன். பிறகு தமிழிலும் ஒரு தரம் சொன்னேன்.

இந்தக் கடிதத்துக்கு முன்பே அது உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

அவளின் அம்மா